இமையாமை

விழி மூடாது ஒன்றனை நிலைத்து நோக்குதலை ‘இமையாமை’ என்னும் சொல் உணர்த்தும். ‘கண்கொட்டாமல் பார்த்தான்’ என்னும் உலக வழக்கும் இப்பொருளதே. இமைத்தல் என்பதற்கு ஒளிவிடுதல் என்னும் பொருளும் உண்டு. ஈண்டு ஆராயப்படுவது கண்ணின் தொழிலேயாம்.

இமைத்தல் மக்கட்கு இயற்கை. தொல்காப்பியர் மாத்திரைக்குக் கண்ணிமையை அளவாகக் கொண்டார். களவியலில், எதிர்ப்பட்டவள் தெய்வமோ மானிடமகளோ என ஐயுற்ற தலைவன் தெளிதற்குரிய அடையாளங்களுள் இமைப்பினையும் வைத்தார். நளவெண்பாவில் தமயந்தி நளனைத் தேவரினின்று பிரித்தறிந்ததும் கண்ணிமைப்பு முதலியவற்றாலேயாம். ‘இமையார்’ எனத் தேவர்க்கு வழங்கும் பெயரும் இக்கருத்திற் பிறந்ததே. திருவள்ளுவர் இதனை 906ஆம் குறளில் ஆண்டுள்ளார்.

தேவர்க்கு இமையாமை இயல்பாதலின் அதனால் அவர்க்குத் தனிப்புகழ் இல்லை. இமைக்கும் இயல்பினர் இமையாது நிற்குமிடத்தே இச்சொல் சிறப்புறுகின்றது. இதனைக் குறளில் இருவேறிடங்களிற் காணலாம். படைச்செருக்கில் (775), பகைவர் வேலெறியச் சினந்து நோக்கிய கண் இமைப்பின், அதுவே வீரர்க்குப் புறங்கொடுத்தலாம் என்கின்றார். காதற்சிறப்புரைத்தலில் (1129), இமைத்தாற் காதலர் மறைவர் என்று அறிந்து தலைவி இமையாதிருக்கின்றாள். அதற்கே ஊரார் அவரை அன்பிலர் என்கின்றனர்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். அவ்வதிகாரத்திலேயே (1126), காதலர் கண்ணினின்று நீங்கார், இமைப்பினும் வருந்தார், அத்துணை நுண்ணியர் என அவளே கூறினாள். அங்ஙனமாயின் இமைத்தற்கு அஞ்சுதல் முரணன்றோ எனின், அன்று. முன்னது அவர்க்கு ஊறு நேராமை பற்றியது. பின்னது தனக்குக் காட்சி இழப்பு நேருமென்னும் அச்சம் பற்றியது. கண்ணுள் உறைதல் வேறு. கண்ணாற் காணப்படுதல் வேறு. உள்ளே உளர் என்னும் தெளிவு, காணும் வேட்கையைத் தணிப்பதன்று. இவ்வேறுபாட்டினை உணராதார் இரு குறளுள் ஒன்றனை வெறும் உயர்வுநவிற்சியாகக் கொண்டு பொருள் இழப்பர்.

எனவே, வீரனுக்கு இமைப்பு மானத்தின் இழப்பு. தலைவிக்கு அது காதலர் காட்சியின் இழப்பு. இருவரும் உடலின் இயற்கையை உள்ளத்தின் உறுதியால் வெல்ல முயல்கின்றனர். ஆதலின் இமையாமையை வெறும் பார்வை வகையாகக் கொள்ளாது, நோக்குவார் எதனை இழக்க அஞ்சுகின்றார் என வினவி ஆங்காங்குப் பொருள் கோடலே பொருத்தமாம்.