மின்சாரக் கார் வாங்கலாமா? – 7: கடிதம் முதல் ஓனருக்கு, கார் உங்களுக்கு

2020 டிசம்பரில் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் 456 கோனா எலெக்ட்ரிக் கார்களை ரீகால் செய்தது. 2019 ஏப்ரல் 1-லிருந்து 2020 அக்டோபர் 31 வரை தயாரான கார்கள் அவை. உயர் மின்னழுத்த பேட்டரி அமைப்பில் மின்கோளாறு இருக்க வாய்ப்பு உண்டு, டீலரிடம் கொண்டுவந்தால் பார்த்துத் தருகிறோம் என்பதுதான் அறிவிப்பின் சாரம். இந்தக் கார்கள் முழு வண்டியாகக் கப்பலில் வந்து இறங்கியவை அல்ல. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில், 1998-ல் முதல் சான்ட்ரோ வெளிவந்த அதே வளாகத்தில், கொரியாவிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டிச் செய்தவை.

சென்ற வாரம் பேட்டரியின் ஆரோக்கியத்தைச் சதவீதக் கணக்கில் எப்படிப் படிப்பது என்று பார்த்தோம். அந்தக் கணக்குக்கு முன்னால் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த வண்டிக்கு ரீகால் வந்ததா? வந்திருந்தால், அந்த வேலை முடிந்ததா?

பெட்ரோல் கார் வாங்குகிறவரும் இதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் மின்சாரக் காரை நாம் போர்டிகோவிலும் அபார்ட்மென்ட் தரைத்தளத்திலும் ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டுவிட்டு, மாடியில் பிள்ளைகளோடு தூங்குகிறோம். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். ஸ்கூட்டர் வேறு, கார் வேறு. பேட்டரியைக் குளிர்விக்கிற ஏற்பாடும் காவல் காக்கிற மின்னணுவும் காரில் பல மடங்கு அதிகம். என்றாலும் அந்தச் செய்தியைப் படித்த எவருக்கும், பேட்டரி சம்பந்தமான ரீகாலைச் சில்லறை விஷயமாக ஒதுக்க மனசு வராது.

கோனாவுக்குக் கொரியாவில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பல நாடுகளில் கோனாக்கள் தீப்பிடித்தன. 2019 ஜூலையில் கனடாவின் மான்ட்ரியாலில், சார்ஜரில் இணைக்காமல் கராஜில் சும்மா நின்ற கோனா ஒன்று பற்றிக்கொண்டது. 2020 அக்டோபரில் கொரியாவில் சுமார் 25,500 கார்களுக்கு முதல் ரீகால். அப்போது செய்த வைத்தியம், பேட்டரியைக் கண்காணிக்கும் மென்பொருளைப் புதுப்பிப்பது. சோதனையில் சந்தேகம் வந்தால் மட்டும் பேட்டரியை மாற்றுவது. 2021 ஜனவரியில் டேகு நகரில், அந்த ரீகால் வேலை முடிந்த கார் ஒன்றே சார்ஜில் இருந்தபோது எரிந்தது. அடுத்த மாதம் ஹூண்டாய் உலகம் முழுக்க ஏறக்குறைய 82,000 மின்சார வாகனங்களின் பேட்டரியையே மாற்றித் தருவதாக அறிவித்தது. செலவு சுமார் ஒரு லட்சம் கோடி கொரிய வொன். அதில் பெரும்பங்கை பேட்டரி செய்த எல்.ஜி. நிறுவனம் ஏற்றது.

கொரிய அரசின் விசாரணை கைகாட்டிய இடம் மிகச் சிறியது. ஒரு செல்லைப் பிரித்தால் உள்ளே நெகட்டிவ் தகடு, பிரிப்பான் படலம், பாசிட்டிவ் தகடு என்று மெல்லிய அடுக்குகள் மாறி மாறி இருக்கும். ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலிருந்தும் மின்சாரத்தை வெளியே எடுக்க ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். சீனாவின் நான்ஜிங் ஆலையில் தயாரான சில செல்களில் இந்த நெகட்டிவ் நாக்கு நேராக நிற்காமல் உள்பக்கமாக மடிந்திருந்தது. சார்ஜ் ஏற ஏற அந்த மடிப்பில் லித்தியம் படிந்து வளர்ந்து பாசிட்டிவ் தகட்டைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். மடிந்த நாக்கை வைத்துச் செய்த சோதனையில் தீ வரவில்லை என்று எல்.ஜி. வாதாடியது, வேக சார்ஜிங்குக்கான கட்டளையை ஹூண்டாய் தவறாகப் பொருத்தியதையும் சுட்டியது. யார் சொன்னது எவ்வளவு சரி என்பது நமக்குத் தீர்ப்புச் சொல்லும் விஷயம் அல்ல. இந்திய அறிவிப்போ மின்கோளாறு என்ற அளவோடு நின்றது. நாக்கு மடிந்த கதையை அப்படியே இருங்காட்டுக்கோட்டை கார்கள் மேல் ஏற்றவும் கூடாது. ஆனால் பழைய கார் வாங்குகிறவர் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவாக இருக்கிறது. ஒரே குறைக்கு இரண்டு முறை ரீகால் வரலாம். முதல் முறை மென்பொருள், இரண்டாம் முறை பாகம். 'ரீகால் எல்லாம் முடிஞ்சது சார்' என்ற பதில் பாதி பதில்தான். எந்த ரீகால், எந்தத் தேதியில், என்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இதே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த அடுத்த மின்சாரக் கார் அயோனிக் 5. 2023 ஜனவரியில் 44.95 லட்சம் ரூபாய் விலையில் அறிமுகமானது. 2024 ஜூனில் அதில் 1,744 கார்களுக்கு ரீகால். 2022 ஜூலை 21 முதல் 2024 ஏப்ரல் 30 வரை தயாரானவை. இம்முறை பெரிய பேட்டரி காரணம் அல்ல, ஐ.சி.சி.யு. எனப்படும் சார்ஜிங் கட்டுப்பாட்டுப் பெட்டி.

மின்சாரக் காரிலும் பழைய காரில் இருப்பது போல ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. கதவுப் பூட்டு, விளக்கு, மீட்டர், கணினிகள் எல்லாவற்றுக்கும் அதுதான் சோறு போடுகிறது. பெட்ரோல் காரில் அதை ஆல்டர்னேட்டர் நிரப்பும். அயோனிக்கில் அந்த வேலையை ஐ.சி.சி.யு. செய்கிறது, பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரத்தை இறக்கிக் கொடுத்து. அதற்குள் இருக்கும் மின்னணுச் சில்லு பழுதாகி ஃபியூஸ் போய்விட்டால், சின்ன பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக வற்றத் தொடங்கும். மீட்டரில் ஆமைப் படம் போட்ட எச்சரிக்கை விளக்கு எரியும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் ஏறாது. அதற்குள் ஓரம் கட்டாவிட்டால் வண்டி ஓடுகிற இடத்திலேயே நின்றுவிடக்கூடும். பெரிய பேட்டரியில் அப்போதும் 60 சதவீதம் சார்ஜ் இருக்கலாம். ஒரு பிரயோசனமும் இல்லை.

சிங்கப்பெருமாள் கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து திரும்புகிறவரை நினைத்துப் பாருங்கள். முன்னால் கம்பெனி பஸ், பின்னால் கார்களை ஏற்றிய நீண்ட டிரெய்லர், இரண்டுக்கும் நடுவில் வேகம் இழக்கிற கார். தீ என்றால் எல்லோரும் பயப்படுகிறோம். ஓடுகிற கார் சக்தி இழப்பதும் அதே அளவு பயப்பட வேண்டிய ஆபத்து என்று நான் நினைக்கிறேன்.

இங்கேயும் இரண்டாம் சுற்று வந்தது. அதே தொழில்நுட்பத்தில் செய்த கியா இ.வி.6 கார்களில் 1,138-ஐ 2024 ஜூலையில் இந்தியாவில் திரும்ப அழைத்தார்கள். 2025 பிப்ரவரியில் மறுபடியும் 1,380 கார்களை, மென்பொருளை மீண்டும் புதுப்பிக்க. அமெரிக்காவிலும் 2024 தொடக்கத்தில் ஒரு ரீகால், அந்த வருடம் முடிவதற்குள் இன்னொன்று.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரீகால் செய்த கம்பெனியை மோசமான கம்பெனி என்று ஒதுக்குவது தவறு. குறையை ஒப்புக்கொண்டு, தன் செலவில் திருத்தித் தருகிற கம்பெனி நல்ல காரியம்தான் செய்கிறது. ரீகால் வேலை ஒழுங்காக முடிந்த பழைய கோனாவை, பேட்டரி சரியாக இருந்தால், நான் தைரியமாகப் பரிந்துரைப்பேன். அதன் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரன்டி கொடுத்திருந்தார்கள். 2019-ல் பதிவான காருக்குக் கூட அது 2027 வரை வரும். அந்த வாரன்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில கம்பெனிகளின் சில வாக்குறுதிகள் முதல் ஓனரோடு நின்றுவிடும்.

என் கவலை எல்லாம் காருக்கும் அறிவிப்புக்கும் நடுவே விழுகிற இடைவெளி பற்றித்தான். ரீகால் என்றால் கம்பெனி தன் பதிவேட்டில் இருக்கும் பெயருக்குப் போன் செய்யும், எஸ்.எம்.எஸ். அனுப்பும், கடிதம் போடும். அந்தப் பெயர் பெரும்பாலும் ஷோரூமில் சாவி வாங்கியவருடையது. அவர் அதற்குள் காரை விற்றிருப்பார். வாங்கியவர் வெளியே மெக்கானிக்கிடம் சர்வீஸ் விடுகிறவராக இருந்தால் கம்பெனிக் கணினி அந்தக் காரை மறுபடி பார்க்க வாய்ப்பே இல்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாகக் கார் நிறுத்தி விற்கிறவர்களிடம் டயர், பெயின்ட், எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ் எதுவரை என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். ரீகால் பற்றிக் கேட்டால், 'கம்பெனி சர்வீஸ்தான் சார், அதெல்லாம் பார்த்திருப்பாங்க' என்பதோடு முடிந்துவிடும்.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்பு ஆர்.சி.யில் இருக்கும் 17 இலக்க சேஸிஸ் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹூண்டாயின் இந்தியத் தயாரிப்பு என்றால் அது எம், ஏ, எல் என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். ஆர்.சி.யில் உள்ளதும் வண்டியில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். அந்த நம்பரோடு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய், சர்வீஸ் அட்வைசரிடம் 'இந்த வண்டிக்கு ஓப்பன் கேம்பெயின் ஏதாவது இருக்கா?' என்று கேளுங்கள். அவர்கள் புழங்குகிற சொல் அதுதான். திரையில் பார்த்துச் சொன்னால் போதாது. செய்த வேலை, தேதி, அன்றைய கிலோமீட்டர் மூன்றும் இருக்கிற சர்வீஸ் ஹிஸ்டரியை அச்சிட்டு வாங்குங்கள். விற்பவரும் கூட வந்தால் வேலை சுலபம். வர மறுத்தால் அதுவே ஒரு தகவல்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் இதே பயணத்தில் விசாரித்துவிடலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் கார்கள் நீரில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரக் கார் பேட்டரிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஐ.பி.67 தரம் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரத்துக்கான சோதனை. இரண்டு நாள் முழுகிக் கிடந்த வண்டிக்கு அந்தச் சான்று பொருந்தாது. இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் வரலாற்றைக் கேளுங்கள்.

ரீகாலே வராத குறைகளும் உண்டு. நிசானுக்கு ஒரகடத்தில் 2010-லிருந்து ரெனோவோடு சேர்ந்து ஆலை இருந்தும், அதன் லீஃப் மின்சாரக் கார் இங்கே விற்பனைக்கு வரவில்லை. இலங்கைக்கோ ஜப்பானிலிருந்து பழைய லீஃப் கார்கள் நிறையவே இறங்கின. அந்தப் பழைய லீஃபின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. வெயில் நாட்டில் அதன் கொள்ளளவு சீக்கிரம் கரையும் என்பதை 2012-லேயே அமெரிக்காவின் அரிசோனா ஓனர்கள் கண்டுகொண்டார்கள். மீட்டரில் இருந்த 12 கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நிசான் அதற்குக் கொள்ளளவு வாரன்டி ஒன்றைச் சேர்த்தது, அவ்வளவுதான். கொழும்பில் அந்தக் காரை மூன்றாம் கையாக வாங்கியவருக்கு அதனால் பயன் இல்லை. நம் ஊர் வெயிலில் நின்ற எந்த மின்சாரக் காருக்கும் ரீகால் கேள்வியோடு சென்ற வாரச் சதவீதக் கணக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்பது இதனால்தான்.

இனி சட்டம். இந்தியாவில் ரீகால் 2012-லிருந்து கம்பெனிகள் தாமாக ஏற்ற ஒழுங்காக இருந்தது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு அரசுக்கே உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தன. புகார் வந்தால் விசாரிக்கச் சோதனை மையங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான ஜி.ஏ.ஆர்.சி. ஒரகடத்திலேயே இருக்கிறது. ஆனால் வருடத்துக்கு 500 வரை விற்கும் கார் மாடல் என்றால், விற்றதில் 20 சதவீத அளவுக்குப் புகார் சேர வேண்டும். ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே விதி பொருந்தும். முதல் கோனாக்கள் 2026-ல் அந்த வயதைத் தாண்டுகின்றன. பழைய கார் சந்தைக்கு வந்து, குறைந்த வருமானக் குடும்பங்களின் கைக்கு எட்டுகிற நேரத்தில் பாதுகாப்பு விலகுகிறது என்றால் அது யாருக்கான விதி?

அமெரிக்காவில் 2014-லிருந்து எவரும் சேஸிஸ் நம்பரைத் தட்டினால் அந்தக் காரில் முடியாத ரீகால் இருக்கிறதா என்று அரசு இணையதளம் இலவசமாகச் சொல்லும். ஜெர்மனியில் தீவிரமான ரீகாலைப் புறக்கணித்தால் வண்டியின் பதிவே ரத்தாகலாம். நம்மிடம் அதற்கான கருவி இல்லாமல் இல்லை. நாட்டின் வாகனங்களின் சேஸிஸ் நம்பர்கள் 'வாஹன்' தளத்தில் இருக்கின்றன. ரீகால் பட்டியல் கம்பெனியிடம் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நாம் கொடுக்கிற 29, 30-ஆம் எண் படிவங்களில் சேஸிஸ் நம்பருக்குக் கட்டம் உண்டு, ரீகாலுக்குக் கட்டம் கிடையாது. அந்தக் கட்டத்தைச் சேர்க்க வேண்டும். வாஹனில் விண்ணப்பம் ஏறும்போதே இரண்டு பட்டியலும் ஒப்பிடப்பட்டு, முடியாத ரீகால் இருந்தால் வாங்குகிறவரின் செல்போனுக்கு அந்த நிமிடமே தகவல் போக வேண்டும். புது ஓனரின் பெயரும் விலாசமும் அதே நேரத்தில் கம்பெனியின் பதிவேட்டுக்கும் போக வேண்டும். வேறு சட்டம் எதுவும் திருத்தாமல், போக்குவரத்து அமைச்சகம் ஒரு அறிவிக்கையில் செய்துவிடக்கூடிய வேலை இது.

(தொடரும்)