கனப் பார்வை

'ஸ்டீரியோ' என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு ஒலிபெருக்கிகள்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லுக்கே 'இரண்டு' என்றுதான் பொருள் என்று எண்ணுபவர்களும் உண்டு. உண்மையில் கிரேக்க மொழியில் 'ஸ்டீரியோஸ்' என்றால் திண்மையானது, கனமுள்ளது. 'ஆப்ஸிஸ்' என்றால் பார்வை. இரண்டும் சேர்ந்து 'ஸ்டீரியாப்ஸிஸ்' ஆயிற்று. கண் மருத்துவரின் சீட்டில் காணும் சொல் இது. தமிழில் 'முப்பரிமாணப் பார்வை' என்கிறார்கள். எனக்கென்னவோ 'கனப் பார்வை' என்பதே பிடித்திருக்கிறது. மேட்டூர் அணைக்கு நீர்வரத்து இத்தனை கன அடி என்று படிக்கிறோமே, அந்தக் கனம்தான்.

தூரத்தையும் ஆழத்தையும் உணர்வதெல்லாம் கனப் பார்வை ஆகிவிடாது. அதற்கு ஒற்றைக் கண்ணே பல வழிகளில் உதவும். ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும்போது பாருங்கள். அருகிலுள்ள கம்பங்கள் பறக்கும், ஆரஞ்சுத் தோட்டங்கள் நிதானமாக நகரும், சாத்புரா மலை கூடவே வரும். தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுகூடுவதுபோல் தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டாலும் இவ்வளவும் கிடைக்கும். கனப் பார்வை அப்படியல்ல. இரு கண்களுக்கும் நடுவே 6 செ.மீ.க்குச் சற்று கூடுதலான இடைவெளி இருக்கிறது. அதனால் ஒரே பொருள் இரண்டு கண்ணுக்கும் சற்றே மாறுபட்டுத் தெரிகிறது. அந்த மாறுபாட்டிலிருந்து மூளை கனத்தைக் கண்டுகொள்கிறது.

இதைச் சோதனையால் மெய்ப்பித்தவர் சார்லஸ் வீட்ஸ்டன். டிப்ளமா படித்தவர்கள் மறக்க முடியாத 'வீட்ஸ்டன் பிரிட்ஜ்' பெயருக்கு உரியவர். (அந்த மின்சுற்றை முதலில் வகுத்தவர் கிறிஸ்டி, பெயர் மட்டும் இவருக்குப் போயிற்று.) 1837-இல் குக் என்பவரோடு சேர்ந்து லண்டனில் ரயில் பாதையோரம் தந்தியை ஓட்டிக் காட்டியவரும் இவரே. மறு ஆண்டு, 1838-இல், வலக் கண்ணுக்கு ஒன்று இடக் கண்ணுக்கு ஒன்று என்று இரு கோட்டுச் சித்திரங்களை வரைந்து, இரண்டு கண்ணாடிகளின் வழியே காட்டினார். தட்டையான கோடுகள் கனமான உருவமாக எழுந்து நின்றன. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்படுவதற்கு முந்திய ஆண்டு அது!

கனப் பார்வை கிட்டத்தில்தான் கூர்மை. தொலைவு இரட்டித்தால், அதே அளவு முன்பின் வித்தியாசத்துக்குக் கண்கள் காணும் மாறுபாடு நாலில் ஒரு பங்காகிவிடும். ஆகவே அரை கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சிக்னலைக் காணும் எஞ்சின் ஓட்டுநரைவிட, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்று கப்ளிங் மாட்டுகிற பாயின்ட்ஸ்மேனுக்குத்தான் இது அதிகம் உதவும் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் காலனியில் ஒரு தமிழ்க் குடும்பம். நான்கு வயதுப் பெண் குழந்தைக்கு ஒரு கண்ணில் பார்வை மந்தம், ஸ்டீரியாப்ஸிஸ் இல்லை என்று எழுதி, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப் போட்டு மறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். பாட்டிக்கு மனம் ஒப்பவில்லை. "ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்கு சார். இருக்கிற கண்ணையும் மூடி பொம்பளைப் பிள்ளையை வெளியே அனுப்பச் சொல்றாங்களே?" என்று என்னிடம் வந்தார்.

நான் ஒரு பேனாவை நிமிர்த்திப் பிடித்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, பக்கவாட்டிலிருந்து இன்னொரு பேனாவின் முனையை இதன் முனைமேல் வைக்கச் சொன்னேன். மூன்று முறையும் விரல் அகலம் தள்ளிப் போயிற்று. இரண்டு கண்ணையும் திறந்ததும் நேராக வந்து உட்கார்ந்தது. அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இப்ப ஆரம்பிச்சா சரியாயிடுமா?" என்றார். அதற்கு வாக்குக் கொடுக்க நான் டாக்டர் இல்லை. ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்று மட்டும் அழுத்திச் சொன்னேன். ஒட்டுப் போட ஆரம்பித்து ஐந்து மாதமாகிறது.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. மூளை இரண்டு கண்களையும் இணைத்துக்கொள்ளும் பருவம் குழந்தைப் பருவம். பூனைக்குட்டிகளிடமும் குரங்குகளிடமும் இதை ஆராய்ந்த ஹூபெல், வீசல் இருவரும் 1981-இல் நோபல் பரிசு பெற்றனர். அந்தப் பருவம் கடந்தால் கதவு சாத்தப்பட்டுவிடும் என்றே நெடுநாள் நம்பினார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த சூசன் பேரி என்ற நரம்பியல் அறிஞர், கைக்குழந்தையிலிருந்தே மாறுகண் உள்ளவர், 48 வயதில் கண் பயிற்சியால் கனப் பார்வையைப் பெற்றார். காரின் ஸ்டீரிங் சக்கரம் தனியே முன்னால் மிதந்து நின்றதாம்! ஆலிவர் சாக்ஸ் 2006-இல் இவரைப் பற்றி எழுதினார். இவரே 2009-இல் ஒரு நூல் எழுதினார். ஆனாலும் 48 வயதில் எல்லோருக்கும் அப்படி வாய்க்கும் என்று காத்திருக்க முடியாது.

பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்துப் பழகிய குழந்தை குறை சொல்லாது. நல்ல கண் ஒன்று இருப்பதால் பெற்றோருக்கும் தெரியாது. வீட்டில் விளையாட்டாக ஒரு கண்ணை, பிறகு மறு கண்ணைப் பொத்திப் பாருங்கள். ஒன்றைப் பொத்தும்போது சும்மா இருந்து, மற்றதைப் பொத்தும்போது கையைத் தட்டிவிட்டால் உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் தெரியாவிட்டாலும், பள்ளியில் சேர்க்கும் முன் ஒரு முறை கண் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.