அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைக்குக் கார்: கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்...



ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்காக அமெரிக்கா புறப்படுகிறார்கள். கல்விக் கட்டணம், விமான டிக்கெட், தங்குமிடம் என எல்லாவற்றுக்கும் குடும்பமே கூடி உட்கார்ந்து கணக்குப் போடுகிறது. ஆனால் போய்ச் சேர்ந்த ஓரிரு மாதங்களில் தொலைபேசியில் வரும் ஒரு கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் பதில் தயாராக இருப்பதில்லை: "வாப்பா, இங்கே கார் இல்லாமல் ஒன்றும் நடக்காது. லோன் போட்டு எடுத்துக்கொள்ளட்டுமா?"

இந்தக் கேள்விக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று பணக் கணக்கு. இரண்டாவது விசா. மூன்றாவது வட்டி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரியான முடிவு எடுக்க முடியும்.

கார் உண்மையிலேயே தேவைதானா?

அமெரிக்கா முழுவதும் ஒரே மாதிரி இல்லை. நியூயார்க், சிகாகோ, பாஸ்டன் போன்ற நகரங்களில் ரயிலும் பேருந்தும் உள்ளன. அங்கே கார் வைத்திருப்பதே சுமை. இல்லினாய் பல்கலைக்கழகம் உள்ள ஷாம்பெய்ன்-அர்பானா, அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம் உள்ள ஏம்ஸ் போன்ற சிறு நகரங்களில்கூட மாணவர் அடையாள அட்டையைக் காட்டி, தனிக் கட்டணம் இல்லாமல் நகரப் பேருந்தில் போய்வரலாம்.

டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் வேறு வகை. பெரிய பல்கலைக்கழகம் இருந்தும் அங்கே நம் ஊர் போல வழித்தடப் பேருந்துகள் இல்லை. செயலியில் அழைத்தால் வரும் பகிர்வு வேன்கள்தான். இத்தகைய ஊர்களில் மளிகை வாங்கவும், ஜும்ஆவுக்குப் போகவும், மருத்துவரிடம் போகவும் கார் இல்லாதவர் சிரமப்படுவது உண்மை.

ஆகவே முதல் வேலை, பிள்ளை இருக்கும் ஊரின் நிலையை விசாரிப்பது. பல்கலைக்கழகப் பேருந்து ஓடும் தெருவில் வீடு பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வாரம் ஒருமுறை கடைக்குப் போக மட்டும் கார் தேவை என்றால், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் வசதி பல வளாகங்களில் உண்டு.

கடன் கொடுப்பவர் மாணவரை எப்படிப் பார்க்கிறார்?

அமெரிக்காவில் கடன் கேட்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. கிரெடிட் ஸ்கோரைப் பார்க்கிறார்கள். 300 முதல் 850 வரையான இந்த எண், ஒருவர் இதுவரை வாங்கிய கடனை எப்படிக் கட்டினார் என்பதன் மதிப்பீடு. இந்தியாவில் நல்ல சிபில் ஸ்கோர் இருந்தாலும் அது அங்கே கூடவே வராது. புதிதாகச் சென்ற மாணவருக்குக் கெட்ட பெயர் இல்லை. ஆனால் எந்தப் பெயருமே இல்லை.

அடுத்தது சோஷியல் செக்யூரிட்டி எண். எஃப்-1 விசாவில் இருப்பவருக்கு வேலை செய்யும் தகுதி கிடைத்தால்தான் அந்த எண் கிடைக்கும். அது இல்லாமலும் பாஸ்போர்ட், விசா, ஐ-20, ஐ-94, ஓட்டுநர் உரிமம், முகவரிச் சான்று ஆகியவற்றை வாங்கிக்கொண்டு சில நிறுவனங்கள் கடன் தருகின்றன. ஆனால் படிப்பு முடியும் தேதியைத் தாண்டாதபடி தவணைக் காலத்தைச் சுருக்குவார்கள், முன்பணம் கூடுதலாகக் கேட்பார்கள், வட்டி விகிதத்தையும் உயர்த்துவார்கள்.

இதையும் தர மறுக்கும் இடத்தில் வேறொரு வகைக் கடை கதவைத் திறக்கிறது. "கிரெடிட் தேவையில்லை, இங்கேயே வாங்குங்கள், இங்கேயே கட்டுங்கள்" என்று பலகை வைத்திருக்கும் பழைய கார் விற்பனையகங்கள்தான் அவை. காரின் விலையும் அங்கே அதிகம், வட்டியும் அதிகம். தவணை தவறினால் காரை ஓடவிடாமல் தடுக்கும் கருவியைப் பொருத்தித் தருவோரும் உண்டு.

ஒரு சின்னக் கணக்கு

12,000 டாலர் கடன், ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, 36 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 434 டாலர். மூன்று ஆண்டில் கட்டும் மொத்தம் 15,618 டாலர். அதாவது வட்டி மட்டும் 3,618 டாலர். "மாதத் தவணையைக் குறைத்துத் தருகிறேன்" என்று விற்பனையாளர் 48 மாதமாக நீட்டினால், தவணை சுமார் 352 டாலராகும். வட்டியோ 4,920 டாலராகக் கூடிவிடும். தவணை குறைந்தது என்று மகிழ்ந்து கையெழுத்திடுபவர் கூடுதலாக 1,300 டாலர் இழக்கிறார்.

இது தவணை மட்டும்தான். கடன் தீரும் வரை காருக்கு முழுக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று கடன் கொடுத்தவர் நிபந்தனை போடுவார். புதிதாக உரிமம் பெற்ற இளைஞருக்கு அது மாதம் 100 டாலரைத் தாண்டுவது சாதாரணம். பெட்ரோல், பழுது, பார்க்கிங், பதிவுக் கட்டணம் தனி.

விசாவுக்கு வரும் ஆபத்து

எஃப்-1 மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். மணிக்கு 15 டாலர் என்று வைத்தாலும் நான்கு வாரத்துக்கு 1,200 டாலர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார் தவணையே தின்றுவிடும்.

இங்கேதான் பல பிள்ளைகள் சறுக்குகிறார்கள். "கார்தான் இருக்கிறதே, மாலையில் உணவு டெலிவரி ஓட்டினால் தவணை வந்துவிடும்" என்று தோன்றும். நண்பரின் கணக்கை வாங்கி ஓட்டுவோரும் உண்டு. முறையான அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே செய்யும் எந்த வேலையும் எஃப்-1 நிபந்தனையை மீறுவதாகும். அதனால் மாணவர் அந்தஸ்து பறிபோகலாம். பின்னாளில் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதும் அது குறுக்கே நிற்கும். பல லட்சம் செலவழித்து அனுப்பிய படிப்பு ஒரு கார் தவணைக்காகப் பாதியில் நிற்க வேண்டுமா என்பதைப் பெற்றோர் பிள்ளையிடம் மனம் விட்டுப் பேச வேண்டும்.

தவணை நின்றால், பெரும்பாலான மாநிலங்களில் நீதிமன்ற உத்தரவு இல்லாமலேயே காரைத் தூக்கிக்கொண்டு போக முடியும். அதை ஏலத்தில் விற்று வந்த பணம் கடனுக்குப் போதவில்லை என்றால் மீதியையும் கட்டத்தான் வேண்டும். ஊருக்குத் திரும்பிவிட்டால் கடன் மறைந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. சட்டம் எட்டிப் பிடிக்கிறதோ இல்லையோ, கடன் என்பது நம் தலைமேல் இருக்கும் அமானிதம். கடனோடு இறந்தவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை என்பதையும், அபூகத்தாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்தார்கள் என்பதையும் புகாரியில் காண்கிறோம்.

வட்டியா, வியாபாரமா?

அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனம் வியாபாரத்தை ஆகுமாக்கி, வட்டியைத் தடுத்ததை நாம் அறிவோம். வட்டி வாங்குபவரை மட்டுமல்லாமல் கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் ஆகியோரையும் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. எனவே "நான் கொடுக்கத்தானே செய்கிறேன், வாங்கவில்லையே" என்பது பதிலாகாது.

அதே நேரம், தவணையில் வாங்குவதெல்லாம் வட்டி என்பதும் சரியல்ல. ரொக்க விலையைவிடத் தவணை விலையைக் கூட்டி விற்கலாம் என்று 1990ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. அதற்கு நிபந்தனை உண்டு: ஒப்பந்தத்தின்போதே ஒரே விலை முடிவாகிவிட வேண்டும், தாமதமானால் தொகையைக் கூட்டக் கூடாது.

இந்த அளவுகோலால் அமெரிக்கக் கார் ஒப்பந்தத்தை அளந்து பாருங்கள். விற்பனையகத்தில் கையெழுத்தாகும் தாளின் தலைப்பு பெரும்பாலும் தவணை விற்பனை ஒப்பந்தம் என்றுதான் இருக்கும். உள்ளே படித்தால் காரின் விலை வேறாகவும் அதன் மீதான நிதிக் கட்டணம் வேறாகவும் ஆண்டு விகிதத்தோடு எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் மீதமுள்ள அசலுக்கு நாள் கணக்கில் வட்டி ஏறும். பத்து நாள் தாமதித்தால் பத்து நாள் வட்டி கூடும். பிறகு அந்தத் தாளையே விற்பனையகம் ஒரு வங்கிக்கு விற்றுவிடும். பெயரைப் பார்த்து ஏமாறாமல் மூன்றைக் கேளுங்கள்: விற்பவர் காருக்கு உரிமையாளரா? மொத்த விலை மாறாத ஒரே தொகையா? தாமதமானால் கடன் வளருமா?

பூஜ்ய சதவீத விளம்பரங்களும் வரும். அவை பெரும்பாலும் புதிய காருக்கும், மிக உயர்ந்த ஸ்கோர் உள்ளவருக்கும்தான். அங்கேயும் தாமத அபராத நிபந்தனையைப் படித்து, நம்பிக்கையான ஆலிமிடம் காட்டிக் கேட்பதே பாதுகாப்பு. "கார் இல்லாவிட்டால் வாழ முடியாது, இது நிர்ப்பந்தம்" என்று நாமே ஃபத்வா கொடுத்துக்கொள்ளாமல், அந்த ஊர் நிலை தெரிந்த மார்க்க அறிஞரைக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் இஸ்லாமிய நிதி நிறுவனங்களில் பெரும்பாலானவை வீடு வாங்குவதற்கே உதவுகின்றன. மாணவருக்கு, அதுவும் பழைய காருக்கு, அந்த வழி கிடைப்பது அரிது.

ஜாமீன் கையெழுத்து

அங்குள்ள சாச்சா, மாமா யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட்டால் வட்டி குறையும் என்று விற்பனையாளர் சொல்வார். அது வெறும் பரிந்துரைக் கையெழுத்தாக நின்றுவிடாது. மாணவர் கட்டத் தவறினால் முழுக் கடனுக்கும் அவரே பொறுப்பு. ஒரு தவணை தாமதமானாலும் அவர் பெயரிலும் கறை விழும். உறவு முறிந்த குடும்பங்கள் நம்மிடையே இதனால் உண்டு. வட்டி ஒப்பந்தத்தில் ஒருவரை இழுத்துவிடும் பாவமும் கூடவே சேர்கிறது.

அப்படியானால் என்ன வழி?

முதல் வழி, சேர்த்து வாங்குவது. மேலே சொன்ன 434 டாலரைக் கடனுக்குக் கட்டாமல் 14 மாதம் சேர்த்தால் 6,076 டாலர். அந்தத் தொகைக்கு ஓடக்கூடிய ஒரு பழைய கார் பார்க்கலாம். ஒரே வீட்டில் தங்கும் நம்பிக்கையான நண்பர்கள் சேர்ந்து செலவைப் பகிரலாம்; ஆனால் காரின் பெயர், காப்பீடு, விபத்துப் பொறுப்பு யாருடையது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, அழகிய கடன். 5,000 டாலரை ஒருவரே தருவது கடினம்; ஐந்து உறவினர் ஆளுக்கு 1,000 டாலர் தருவது எளிது. அல்பகரா 282ஆம் வசனம் கட்டளையிடுவது போல, தொகையையும் திருப்பித் தரும் தவணையையும் எழுதி, சாட்சியும் வைக்க வேண்டும். சிரமப்படுபவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லும் 280ஆம் வசனத்தைக் கடன் கொடுப்பவர் நினைவில் வைக்க வேண்டும். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்காக ஊர் ஜமாஅத்களும் பைத்துல்மால்களும் இப்படியொரு சுழல் நிதி தொடங்கினால், ஒரு பிள்ளை திருப்பிக் கட்டும் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும்.

மூன்றாவது, வீட்டிலிருந்து அனுப்புவது. இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய தொகைக்குத்தான் டி.சி.எஸ். வரி பிடிக்கப்படும், கல்விக்கும் மற்றவற்றுக்கும் விகிதம் வேறு. கட்டணத்தோடு சேர்த்து எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த வரியை வருமான வரிக் கணக்கில் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

ரொக்கத்துக்கு வாங்கும்போது

பழைய காருக்குப் பணம் கொடுக்கும் முன் சில விஷயங்களைத் தவறாமல் பார்க்க வேண்டும். ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்து-எண்கள் கொண்ட அடையாள எண் உண்டு; அதை வைத்து விபத்து, வெள்ளச் சேதம், மீட்டர் ஓட்டம் பற்றிய அறிக்கை வாங்கலாம். உரிமைப் பத்திரத்தில் 'சால்வேஜ்' என்ற முத்திரை இருந்தால், காப்பீட்டு நிறுவனம் ஒருமுறை கைவிட்ட கார் என்று பொருள். பத்திரத்தில் வேறு கடன் பதிவாகியுள்ளதா என்றும் பாருங்கள். விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் 100 முதல் 200 டாலர் கொடுத்துச் சோதிப்பது வீண் செலவாகாது.

விற்பனையகத்தில் வாங்கினால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் 'பையர்ஸ் கைடு' தாளைப் படியுங்கள். 'அஸ் இஸ்' என்று குறித்திருந்தால், வாசலைத் தாண்டியதும் வரும் பழுதெல்லாம் உங்கள் பொறுப்பு. மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். விற்பனையகத்தில் வாங்கிய காருக்கு அப்படியொரு நாடு தழுவிய சட்டம் இல்லை. காப்பீடு இல்லாமல் தெருவில் இறக்கக் கூடாது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் அது கட்டாயம்.

ஏற்கெனவே கடனில் கையெழுத்திட்டுவிட்ட பிள்ளைகளைத் திட்டித் தீர்ப்பதில் பயனில்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டு வட்டி விகிதம், நிதிக் கட்டணம், கடன் தொகை, மொத்தம் கட்ட வேண்டிய தொகை ஆகிய நான்கும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். அதை எடுத்துப் பார்த்து, முன்கூட்டி அடைக்க அபராதம் உண்டா என்று கேட்டு, குடும்பமாகச் சேர்ந்து அசலை விரைவாக அடைத்துவிடுங்கள். நாள் கணக்கில் ஏறும் வட்டி, அசல் குறையக் குறையத் தானும் குறையும்.

புறப்படும் முன் வீட்டில் போடும் பட்டியலில் கட்டணம், டிக்கெட், வாடகைக்குக் கீழே "போக்குவரத்து" என்று ஒரு வரியையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். நம் பிள்ளைகள் படித்து முடித்து, கடன் சுமையும் வட்டியின் கறையும் இல்லாமல் வீடு திரும்ப அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.