கடலையின் நாரும் இரத்தத்தின் கொழுப்பும்

மழைக்காலம் கழிந்தபின் கரிசல் நிலத்தில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே விளைவது கொண்டைக்கடலை. அறுவடையானதும் அதனை முழுதும் சந்தைக்கு அனுப்பிவிட்டு, தீட்டிய அரிசிச் சோற்றையும் நீர்த்த குழம்பையும் கொண்டு குடும்பத்தைப் போஷிக்கும் குடியானவர் பலர். மாரடைப்பு நோய் கிராமங்களிலும் காணப்படும் இந்நாளில், விளைவில் ஒரு பங்கை வீட்டில் நிறுத்திக்கொள்வதன் நன்மையை இங்கே எடுத்துரைப்போம்.

இரத்தத்தில் கொலஸ்டிரால் என்னும் மெழுகு போன்ற பொருள் உண்டு. தேகத்துக்கு அது வேண்டியதே. எனினும் அளவு மிஞ்சினால் இரத்தக் குழாய்களின் உட்சுவரிற் படிந்து அவற்றைக் குறுக்கிவிடும். கல்லீரல் இப்பொருளைக் கொண்டே பித்த அமிலங்களை உண்டாக்குகிறது. அவை குடலில் இறங்கிக் கொழுப்பு ஜீரணமாக உதவியபின், பெரும்பாலும் கல்லீரலுக்கே திரும்பிவிடுகின்றன. கடலையின் நாரில் நீரிற் கரையும் பகுதியோ, குடலிற் கூழ்போலாகி இவ்வமிலங்களில் ஒரு பங்கைப் பற்றி மலத்துடன் வெளியேற்றுகிறது. அக்குறையை நிரப்பக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை எடுத்துக்கொள்ள, அதன் அளவு தாழ்கிறது. இறைத்த நீர் கிணற்றுக்கே வடிந்தால் நீர்மட்டம் குறையாது. வாய்க்கால் வழியே வயலுக்குச் சென்றாற் குறையும். இதுவும் ஏறக்குறைய அத்தகையதே.

ஆக்ரா நகரத்து வைத்திய ஆராய்ச்சியாளர் வெண்ணெய்க் கொழுப்பு மிகுந்த உணவு உண்டுவந்தவர்களுக்குத் தானியத்துக்குப் பதிலாகக் கடலையைக் கொடுத்துச் சோதித்து, 1968-ல் முடிவை வெளியிட்டனர். இரத்தத்தில் கொலஸ்டிரால் குறைந்தது. மலத்திற் பித்த அமிலங்கள் மிகுந்தன. பின்னர், 1,037 பேரைக் கொண்ட 26 சோதனைகளைத் தொகுத்த கனடா நாட்டு அறிஞர்கள், நாளொன்றுக்குச் சுமார் 130 கிராம் பயறு வகைகளை உண்டோருக்குத் தீய கொலஸ்டிரால் நூற்றுக்கு 5 பங்கு குறைந்ததென 2014-ல் அறிவித்தனர். இது சிறு அளவே. ஆதலின் மருந்து உண்போர் அதனை நிறுத்தலாகாது.

100 கிராம் முழுக்கடலையில் சுமார் 25 கிராம் நார் உண்டு. தோல் நீக்கிய பருப்பில் 15 கிராமே. எஞ்சியது பொட்டாகி மாட்டுக்குப் போகிறது. தோலின் நார் பெரும்பாலும் நீரிற் கரையாததாயினும் மலச்சிக்கலை நீக்க வல்லது. எனவே முழுக்கடலையே சிறந்தது.

கடலையை இரவெல்லாம் ஊறவைத்து, குழைய வேகவைத்துச் சுண்டலாக உண்க. சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து அவ்விடத்திற் கடலையைச் சேர்க்கவேண்டும். எண்ணெயிற் பொரித்த வடை இதற்கு ஈடாகாது. வாயுத் தொல்லை நேராதிருக்க, ஒரு கைப்பிடியில் தொடங்கிச் சிறிது சிறிதாய் மிகுத்துக்கொள்க. சிறுநீரக நோயுள்ளோர் வைத்தியரைக் கேட்டே உண்ணவேண்டும்.

வெந்த கடலை 130 கிராமுக்கு உலர்ந்தது ஏறக்குறைய 55 கிராம் போதும். ஐவருள்ள குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் வேண்டுவது சுமார் 100 கிலோ, அதாவது ஒரு குவிண்டாலே. களத்தில் அதனை முதலில் அளந்து, நன்கு உலர்த்திப் பத்திரப்படுத்தியபின் மிஞ்சியதற்கு விலை பேசுவீர்களாக.