பலர் கொடை, ஒரு கருவூலம்

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி எழுந்தபோது குமரி மாவட்டத்தின் குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி, கீழமணக்குடி ஆகிய கடற்கரை ஊர்கள் சில நிமிடங்களில் சிதைந்தன. இம்மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 800 உயிர்கள் பிரிந்தன. அதன்பின் வந்த உதவிக்குக் குறைவிருக்கவில்லை. ஆயினும் தமிழகக் கடற்கரை நெடுகிலும் ஒரு விந்தையான காட்சி தென்பட்டது. கொடையாளர் பலரும் கண்ணுக்குப் புலப்படும் பொருளையே கொடுக்க விழைந்தனர். பெயர் பொறித்த ஃபைபர் படகு அத்தகைய பொருள். பல இடங்களில் ஆழிப்பேரலைக்கு முன்பிருந்ததைவிடப் படகுகள் பெருகின. கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களும், சொந்தப் படகின்றிப் பங்குக்குக் கடலேறுபவர்களும் பிந்தியே நினைக்கப்பட்டனர். கொடுப்பவரின் விருப்பம் ஒன்றாகவும் பெறுபவரின் தேவை வேறாகவும் இருக்கும்போது நேர்வது இதுவே.

இக்குறையைக் களைய உலக அளவில் கண்ட வழிகளுள் ஒன்று கூட்டு நிதியம். பல நாடுகளும் தனிமனிதர்களும் கொடுப்பதை ஒரே கருவூலத்தில் சேர்ப்பது; 'இன்ன ஊருக்கு, இன்ன பொருளுக்கு' என்று முன்கூட்டியே கட்டுப்படுத்தாமல், தேவையை அளந்தபின் பங்கிடுவது. ஐக்கிய நாடுகள் சபை 1991இல் 5 கோடி டாலர் கொண்ட ஒரு சுழல்நிதியை ஏற்படுத்தியிருந்தது. 2005 டிசம்பரில் பொதுச்சபை அதை விரிவுபடுத்தியது. 2006 மார்ச்சில் அது மத்திய அவசரகால உதவி நிதியமாகச் செயற்படத் தொடங்கியது. அதே ஆண்டில் சூடானிலும் காங்கோ ஜனநாயகக் குடியரசிலும் அந்தந்த நாட்டுக்கென்றே கூட்டு நிதியங்கள் தோன்றின. ஒரு புயலோ வெள்ளமோ சில மாதங்களில் வடியும். ஆண்டுக்கணக்கில் நீளும் போரிலும் அகதி வாழ்விலும் செய்தித்தாள்கள் முதலில் மறந்துவிடும். கொடையாளர் பின்பு மறப்பர். நெடுந்துயருக்குக் கூட்டு நிதியம் இன்றியமையாததாவது இதனால்தான். குமரி மாவட்டத்தின் பெருமாள்புரம், பழவிளை முகாம்களில் வாழும் ஈழ மக்களின் நிலை நமக்கு அருகிலுள்ள சான்று. 2021இல் அரசு இவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இன்று குழந்தைகள் பிறக்கும் காலமாகிவிட்டது.

இனிக் கடலுக்கு அப்பால் நோக்குவோம். கூட்டு நிதியத்தின் பயனையும் இடர்ப்பாட்டையும் ஒருங்கே காட்டும் வரலாறு இலங்கையில் உள்ளது. 2002 பிப்ரவரிப் போர்நிறுத்தத்தைத் தொடர்ந்து வடகிழக்கு மறுசீரமைப்பு நிதியம் ஒன்று திட்டமிடப்பட்டு, அதன் காப்பாளராக உலக வங்கி தெரிவு செய்யப்பட்டது. 2003 ஏப்ரலில் விடுதலைப் புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகினர். அதே ஜூனில் டோக்கியோ மாநாட்டில் 450 கோடி டாலர் வாக்களிக்கப்பட்டது. ஆனால் அத்தொகை அமைதிப் பேச்சின் முன்னேற்றத்தோடு முடிச்சிடப்பட்டது. பேச்சு நின்றது; நிதியமும் நின்றது.

ஆழிப்பேரலை மீண்டும் ஒரு வாய்ப்பைத் தந்தது. 2005 ஜூன் 24 அன்று இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் ஆழிப்பேரலைக்குப் பிந்திய பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். கொடையாளரின் பணத்தைச் சேர்த்து வைக்கும் பிராந்திய நிதியமும், அதைப் பங்கிடும் பத்துப் பேர் கொண்ட குழுவும் அதன் கூறுகள். அக்குழுவில் புலிகளுக்கு ஐந்து, முஸ்லிம்களுக்கு மூன்று, அரசுக்கு இரண்டு இடங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்ப்போர் இதை நியாயமெனக் கருதக்கூடும். ஆனால் உடன்படிக்கையில் கையொப்பமிட்டவர்கள் இருவரே. இலங்கையில் மிகுதியான உயிரிழப்பைக் கண்ட அம்பாறை மாவட்டத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய முஸ்லிம் ஊர்கள் சீரழிந்திருந்தும், அம்மக்களின் பிரதிநிதிகள் உடன்படிக்கையின் தரப்பினராக ஏற்கப்படவில்லை. முஸ்லிம் கட்சிகள் இதை எதிர்த்தன. பாத்திரத்தில் பங்கு உண்டு, பந்தி அமைக்கும்போது சொல் இல்லை என்பதே அவர்களின் குறை. அது நியாயமான குறை என்பதே நம் கருத்து.

இன்னொன்றும் கருதத்தக்கது. இவ்வேற்பாடு ஆறு மாவட்டங்களின் கடலோர இரண்டு கிலோமீட்டர் பரப்புக்கு மட்டுமே உரியது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் பதினைந்து ஆண்டுகளாக ஓலைக் குடிசைகளில் வாழ்ந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். புதிய துயருக்குக் கருவூலம் திறக்கப்பட்டபோது பழைய துயர் கணக்கிலிருந்து விடுபட்டது.

எவ்வாறாயினும் அக்கருவூலம் திறக்கப்படவே இல்லை. ஜே.வி.பி. நாடாளுமன்ற உறுப்பினர்கள் தொடுத்த வழக்கில் 2005 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் பிராந்திய நிதியம் உள்ளிட்ட முக்கியப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அடுத்த ஆண்டே போர் மீண்டும் மூண்டது.

இதே ஆழிப்பேரலைக்கு இலக்கான அச்சேயில் நிகழ்ந்தது வேறு. அங்கும் முப்பதாண்டு கால உள்நாட்டுப் போர். 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் உடன்படிக்கை ஏற்பட்டது. அச்சே, நியாஸ் தீவுகளுக்கான கூட்டு நிதியத்தில் 15 கொடையாளர்கள் சேர்ந்து ஏறத்தாழ 65 கோடி டாலர் அளித்தனர். உலக வங்கி காப்பாளராக இருக்க, இந்தோனேசிய அரசும் முடிவெடுக்கும் குழுவில் தலைமை ஏற்றது. 2012 வரை அந்நிதியம் இயங்கி வீடுகளும் சாலைகளும் அமைத்தது. போர் ஓய்ந்ததால் நிதியம் நிலைத்ததா, நிதியம் நிலைத்ததால் போர் ஓய்ந்ததா என்று அறுதியிட்டுக் கூற இயலாது. மக்களின் அரசும் கொடையாளரும் ஒரே மேசையில் அமர்ந்தனர் என்பது மட்டும் ஐயமற்றது.

பலருடைய பொருளை ஒன்றுசேர்த்துத் தேவைக்கேற்பப் பங்கிடுவது நமக்குப் புதிய செய்தியன்று. ஹிஜ்ரி 18இல் அரபகத்தைப் பஞ்சம் வாட்டியது. வரலாற்றாசிரியர்கள் அதைச் சாம்பல் ஆண்டு என்பர். கலீஃபா உமர் (ரலி) சிரியாவிலிருந்து தானியம் வரவழைத்து மதீனாவில் பொதுச் சமையல் நடத்தினார்கள். பஞ்சம் தீரும்வரை தாம் நெய்யும் இறைச்சியும் உண்ணாதிருந்தார்கள் என்பது புகழ்பெற்ற செய்தி. அவ்வாண்டு ஸகாத் வசூலை ஒத்திவைத்ததும் அவர்களே. பெறுவோரைப் பெயர் வாரியாகப் பதியும் திவான் முறை அவர்களது ஆட்சியில்தான் உருவாயிற்று. பொதுச் செல்வத்தின் கணக்கைப் பொதுமக்கள் கேட்கலாம் என்னும் மரபும் அதனோடு வளர்ந்தது.

இன்று ஐ.நா. அகதிகள் ஆணையம் 2019இல் தொடங்கிய அகதிகள் ஸகாத் நிதியம் அம்மரபைத் தொட்டுச் செல்கிறது. யமன் மக்களுக்கும், 2017 ஆகஸ்டுக்குப் பின் காக்ஸ் பஜாரில் தஞ்சமடைந்த ரோஹிங்கியர்களுக்கும் இந்நிதி செல்கிறது. நிர்வாகச் செலவு கழிக்காமல் ஸகாத் தொகை முழுவதையும் பயனாளிகளுக்கே அளிப்பதாக ஆணையம் உறுதி கூறியது. தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் சுட்டும் எட்டு வகையினருள் ஸகாத் பணியாளர்களும் அடங்குவர் என்பதால், அவர்களுக்கான செலவை எடுத்துக்கொள்வதற்கும் மார்க்கத்தில் இடமுண்டு. அதைத் தவிர்த்தது நம்பிக்கையை ஈட்டும் பொருட்டே எனலாம்.

நம் ஊர்களின் ஆலிம்கள் எழுப்பும் வினாக்கள் வேறு. ஹனஃபி மரபில் ஸகாத் பெறுபவருக்கு உடைமையாக்கப்படுதல் வேண்டும். ஆகவே ரொக்கமாகக் கையில் கொடுப்பது கூடும், கிணறோ கட்டடமோ அமைப்பது கூடாது. ஷாஃபிஈ மரபிலோ, உள்ளூரில் உரியோர் இருக்க ஸகாத்தை வேற்றூருக்கு அனுப்புவது ஏற்கப்படவில்லை. பிற்கால அறிஞர் சிலர் மட்டுமே அதை அனுமதித்தனர். தேங்காய்ப்பட்டணத்து வணிகர் ஒருவர் தம் ஸகாத்தைக் காக்ஸ் பஜாருக்கு அனுப்பலாமா என்றால், முதலில் அவருடைய தெருவில் உள்ள விதவையின் அடுப்பைப் பார்த்துவிட்டே விடை கூற இயலும். ஸதகாவுக்கு அத்தகைய எல்லை இல்லை.