மோட்டார் வண்டியின்றி ஊவாவுக்கு

அயல்நாட்டுக்குச் சுற்றுலாச் செல்வோர், போய் இறங்கிய உடனே ஒரு மோட்டார் வண்டியை வாடகைக்கு அமர்த்திக்கொள்வது இக்காலத்தில் பெருவழக்காகிவிட்டது. தமிழகத்திலிருந்து இலங்கையின் மலைநாட்டைக் காண வருவோரும் இதற்கு விலக்கல்லர். கட்டுநாயக்காவில் விமானத்தை விட்டிறங்கி, அங்கேயே வண்டி ஏறி, மூன்றே நாளில் கண்டி, நுவரெலியா, எல்ல என்று ஓடிப் பார்த்து மீள்கின்றனர். இவர்கள் மலைகளைக் காண்பர். அம்மலைகளில் வாழும் மக்களைக் காண்பது அரிது. பதுளையையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் உள்ளவாறு அறிய விரும்புவோர்க்குப் புகையிரதமும் பஸ் வண்டியும் கால்நடையுமே தக்க வழிகளாம்.

முதலிற் புகையிரதத்தை எடுத்துக்கொள்வோம். மலைநாட்டுப் பாதை மக்களின் உல்லாசப் பயணத்துக்காக இடப்பட்டதன்று. கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக இடப்பட்டது. 1867 ஆம் ஆண்டிற் கண்டியை அடைந்த பாதை, 1885 இல் நானுஓயாவையும், 1893 இல் அப்புத்தளையையும், 1894 இற் பண்டாரவளையையும் எட்டியது. அங்கிருந்து பதுளைக்கு எஞ்சிய தூரம் முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்டதே. எனினும் அதனைக் கடக்க மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924 ஆம் ஆண்டிலேதான் பதுளைக்கு வண்டி வந்தது.

இத்தாமதத்தின் காரணத்தை வண்டியில் அமர்ந்தே கண்டுகொள்ளலாம். 1,200 மீற்றருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் பண்டாரவளையிலிருந்து 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளைக்குப் பாதை இறங்கவேண்டும். எல்ல நிலையத்தைக் கடந்ததும் ஒன்பது வளைவுப் பாலம் தோன்றும். கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு 1921 இல் முடிக்கப்பெற்ற இப்பாலத்தில் இரும்புச் சட்டம் எதுவும் இல்லை. அடுத்து வருவது தெமோதரை. இங்கே வண்டி நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, குன்றை ஒரு சுற்றுச் சுற்றி, சற்று முன் தான் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே செல்கிறது. பொறியியலாளர் வழி தெரியாது திகைத்தபோது, கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டு இவ்வுபாயம் உதித்தது என்பது மலையகத்தில் வழங்கும் கதை. கதை மெய்யோ பொய்யோ, இப்பாதையில் தங்கள் முன்னோரின் அறிவுக்கும் பங்குண்டு என்று தோட்டமக்கள் கருதுவதை அது காட்டுகிறது.

புகையிரதம் ஊர்களை இணைக்கும். தோட்டங்களுக்குள் ஏறுவது பஸ் வண்டி. அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைக்கும், பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, நமுனுகுல முதலிய இடங்களுக்கும் பஸ்கள் செல்கின்றன. தம்பேத்தன்னையிலே தோமஸ் லிப்டன் 1890 இல் எழுப்பிய தொழிற்சாலை உண்டு. அதற்கு மேலே, அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்ததாகக் கூறப்படும் முகடு வரை தேயிலையினூடே நடந்து ஏறலாம்.

இந்தப் பஸ்களில் ஏறுவோர் முதலிற் கேட்டறியவேண்டியது கடைசி வண்டி திரும்பும் நேரத்தையே. பயணிக்கு அது ஒரு சிறு வசதிக் கேள்வி. தோட்டத்திலுள்ளோர்க்கோ அந்நேரமே வாழ்வின் எல்லை. மாலை வகுப்புக்குப் பிள்ளை பட்டணத்தில் தங்கலாமா, நோயாளியைப் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவர் அன்றே மீள முடியுமா என்பவற்றை யெல்லாம் அந்தக் கடைசி பஸ்ஸே முடிவு செய்கிறது. வாடகை வண்டியில் வருபவர் இதனை அறிய வாய்ப்பே இல்லை.

நடந்து செல்வோர் சில முறைகளைப் பேணுதல் நன்று. கொழுந்து பறிப்போரை நிறுத்திப் படம் பிடித்தல் தகாது. பறித்த கொழுந்தின் நிறை அவர்தம் கூலியைத் தொடுவதால், போக்கும் நேரம் அவர்க்கு நட்டமாகும். லயன் அறைகள் காட்சிப் பொருள்களல்ல. குடும்பங்கள் வாழும் இல்லங்கள். அழைத்தாலன்றி வாசலைக் கடத்தல் கூடாது. அழைப்பு வருமாயின், தேநீர் அருந்தாமல் எழுதலும் கூடாது.

பருவத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். யூலை முதல் செப்ரெம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மறுபுறத்தில் மழையைச் சொரிந்துவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவில் இறங்குகிறது. ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற மணம் விளைவது அப்போதுதான். நடைக்கும் அதுவே உகந்த காலம். ஆண்டிறுதி மழையோ மலைச் சரிவைக் கொணரக்கூடும். 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுட் புதையுண்டன. 2025 நவம்பரில் வந்த டித்வாப் புயல் பதுளை மாவட்டத்தில் உயிர்களைக் கொண்டதோடு, மலைநாட்டுப் புகையிரதப் பாதையையும் பல இடங்களிற் சிதைத்தது. ஆகவே புறப்படுமுன், வண்டி எதுவரை ஓடுகிறது என்பதை நிலையத்தில் விசாரித்துக்கொள்வது அவசியம்.

இவ்வளவும் எல்லாப் பயணிகளுக்கும் பொருந்துவன. ஒரு சாராருக்கு மட்டும் இவ்வழி இன்னும் நெருங்கியது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பல் ஓடியது. சென்னை எழும்பூரிற் பெற்ற ஒரே சீட்டிற் கொழும்பு சேரலாம். அவ்வழி வந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், 1964 ஒக்டோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் மீண்டும் கடல் கடக்க நேர்ந்தது. இந்தியா ஏற்கவேண்டியோர் தொகை 5,25,000 என்று அவ்வொப்பந்தம் வகுத்தது. உறவினர் மேடையில் நின்று கதறப் புறப்பட்ட அந்த வண்டியை மலையக மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். இராமேஸ்வரத்துக் கப்பலும் 1984 இல் நின்றுபோயிற்று.

அவ்வாறு சென்றோரிற் பலர் நீலகிரியில் 1968 இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில் மீண்டும் கொழுந்துக் கூடையைச் சுமந்தனர். அவர்களின் பேரர்கள் இன்று பாட்டன் பிறந்த தோட்டத்தைத் தேடி ஊவாவுக்கு வருவதுண்டு. பழைய கடவுச்சீட்டில் இருப்பது பெரும்பாலும் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர். பாட்டி சொல்லிவைத்ததோ மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயர். வண்டிச் சாரதி பார்க்கும் வரைபடத்தில் இத்தமிழ்ப் பெயர் இராது. பதுளை பஸ் நிலையத்திலே கொண்டக்டர் ஒருவரிடமோ, சந்தைக்கு வந்து திரும்பும் முதியவர் ஒருவரிடமோ அப்பெயரைச் சொன்னாற் போதும்; எந்த பஸ்ஸில் ஏறி, எந்தக் கோயிலடியில் இறங்கி, எந்தப் படிவழியே ஏறவேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.