மரம் வெட்டின இடத்துக்கு மான் ஏன் வருது?

ஏற்காடு அடிவாரத்துல டீ குடிச்சிட்டு இருந்தப்போ, மேலே எஸ்டேட் வேலைக்குப் போற ஒருத்தர் சொன்னார்: "சில்வர் ஓக் வெட்டி எடுத்த இடத்துல இப்போ மான் நிறைய நிக்குது சார். மரம் வெட்டினா மானுக்கு நல்லதுதான் போல." அவர் கண்ணால் பார்த்ததை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த முடிவு சரியா?

மானுக்கு முக்கியமாக இரண்டு வேணும்: தீனி, மறைவு. சிக்கல் என்னன்னா, இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். அடர்ந்த காட்டில் மறைவு உண்டு. ஆனால் வெயில் தரைக்கு இறங்காது, இலையெல்லாம் எட்டாத உயரத்தில் இருக்கும். மரத்தை வெட்டினால் வெளிச்சம் விழும். புல் முளைக்கும், வெட்டிய கட்டை துளிர்க்கும், எல்லாம் வாய்க்கு எட்டும் உயரத்தில். ஆனால் சிறுத்தையோ செந்நாயோ வந்தால் ஒளிய இடமில்லை, உச்சி வெயிலுக்கு நிழலும் இல்லை.

அதனால் பல மான்கள் இரண்டும் சந்திக்கும் விளிம்பில் மேய்கின்றன. அமெரிக்க வனவியலாளர் ஆல்டோ லியோபோல்ட் 1933-லேயே தன் 'கேம் மேனேஜ்மென்ட்' நூலில் இந்த விளிம்பு விளைவைப் பேசியிருக்கிறார். ஒரு சின்னக் கணக்கு: 100 ஏக்கரை ஒரே சதுரமாக வெட்டுவதைவிட, பத்துப் பத்து ஏக்கராகப் பிரித்து வெட்டினால் மொத்த விளிம்பு மூன்று மடங்குக்கும் மேல். ஆக, எவ்வளவு வெட்டினோம் என்பதோடு எப்படி வெட்டினோம் என்பதும் முக்கியம். இதுவும் நிரந்தரம் இல்லை. மரங்கள் வளர்ந்து மேலே மூடிக்கொண்டால் தீனி குறையும். இடையில் உண்ணிச்செடி புகுந்துவிட்டால் மறைவு மட்டும் மிஞ்சும், புல் இருக்காது.

அடுத்தது, எந்த மான்? புள்ளிமான் கூட்டமாகப் புல் மேயும். சமதளமும் பக்கத்தில் தண்ணீரும் வேணும். அதுக்குத் திறந்த இடம் பிடிக்கும். கடமான் சரிவிலும் புதரிலும் பகலைக் கழித்து, பெரும்பாலும் இருட்டில் மேய வரும். கேளையாடு தனியாகத் திரியும், புதரை விட்டு அதிகம் விலகாது. சருகுமான் உண்மையில் மான் குடும்பமே இல்லை. உதிர்ந்த பழங்களை நம்பி வாழ்வது. போர்னியோவின் சபா பகுதியில் செய்து 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், மரம் வெட்டிய காடுகளில் அங்குள்ள சருகுமான்கள் குறைவாகவே இருந்தன. ஆக 'மானுக்கு நல்லது' என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். திறந்த இடத்தில் மான் கண்ணுக்குத் தெரியும், புதருக்குள் தெரியாது. பார்த்ததை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும். அதனால்தான் ஆய்வாளர்கள் புழுக்கையை எண்ணுகிறார்கள், தானியங்கிக் கேமரா வைக்கிறார்கள். உதாரணமாக, காட்டில் 10 சதவீதம் வெட்டிய இடம். ஆனால் புழுக்கையில் 40 சதவீதம் அங்கே கிடைக்கிறது என்றால், மான் அதை விரும்பித் தேர்ந்தெடுக்கிறது என்று அர்த்தம்.

விரும்புவதாலேயே அது நல்ல இடம் ஆகிவிடாது. மரம் இழுக்கப் போட்ட பாதையில் நாய்களும் வரும், சுருக்கு வைப்பவர்களும் வருவார்கள். தீனி இழுக்கும், ஆபத்து காத்திருக்கும். சூழலியலில் இதைப் பொறி என்றே சொல்கிறார்கள். அங்கே எத்தனை மான் நிற்கிறது என்பதைவிட, எத்தனை குட்டி பிழைக்கிறது என்பதுதான் சரியான கேள்வி.

அடுத்த தடவை அவரைப் பார்த்தால் ஒண்ணு கேட்கணும்: "கூட குட்டி இருந்துச்சாண்ணே?"